நாற்பத்தைந்து விநாடி

1957ஆம் ஆண்டு ஜூலை 9, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். வானம் மூடியிருந்தது, மழை இல்லை. கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும் வார்டின் பதினான்கு ஜன்னல்களில் ஒன்றிலும் காற்று இல்லை. பதினேழாம் எண் படுக்கையில் இருந்த குப்புராஜ் என்பவரின் வலது மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தேன். பதினைந்து விநாடியில் இருபத்தாறு துடிப்பு. நான்கால் பெருக்கினால் நூற்று நான்கு. நான் அட்டையில் எழுதியது எழுபத்தெட்டு.

ஒன்பது மணி இருபது நிமிடத்துக்கு அவர் இறந்துபோனார்.

அறுபத்து நான்கு வருடமாக இதை நான் எழுதவில்லை. இப்போது எழுதக் காரணம் கொரோனா. போன மே மாதம் எனக்கும் அது வந்து, பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். தலையிலிருந்து கால்வரை பிளாஸ்டிக்கில் மூடிய ஒரு நர்ஸ் பெண் தினமும் என் வயிற்றில் ஓர் ஊசி போட்டாள். இரண்டாம் நாள் கேட்டேன்.

"எதுக்கும்மா வயித்துல?"

"ரத்தம் கட்டாம இருக்கத்தான் தாத்தா. இந்தக் காய்ச்சல்ல நுரையீரல் மட்டும் இல்ல, ரத்தமும் கட்டிக்குது. கால்ல கட்டினது நெஞ்சுக்கு வந்துருது. இப்பதான் கண்டுபுடிச்சிருக்காங்க."

நான் இரண்டு கால்களையும் மடக்கிக்கொண்டேன். குளிர் என்று நினைத்து அவள் போர்வையை இழுத்துவிட்டாள்.

"நாடி எவ்வளவும்மா இருக்கு எனக்கு?"

"அத மிஷின் பாத்துக்கும். நீங்க கண்ண மூடுங்க."

நான் மூடவில்லை. என் நாடியை நானே ஒரு முழு நிமிடம் எண்ணினேன். தொண்ணூற்றாறு. ஒரு மணி நேரம் கழித்து மறுபடி எண்ணினேன். தொண்ணூற்று நான்கு. இப்படிப் பதினொரு நாளும். நான் பழைய ஆண் நர்ஸ் என்று தெரிந்ததும், தங்கள் நர்ஸ்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னாள். என்ன எழுதப் போகிறேன் என்று அவளிடம் சொல்லவில்லை.

என் பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பிரெஞ்சுப் பள்ளியில் பிரவே பரீட்சை வரை படித்தேன். இரண்டு வருடம் ஆஸ்பத்திரியில் கட்டுப் போடவும், ஊசி கொதிக்க வைக்கவும், படுக்கை விரிக்கவும் கற்றேன். 1954 நவம்பரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியது. எங்கள் வார்டில் டாக்டர் மாறவில்லை; பிரெஞ்சு வழக்கில் அவரைத் 'தொக்தர்' என்றே கூப்பிட்டோம்.

தொக்தர் சவரிநாதனுக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. காலை ஆறு நாற்பதுக்கு வார்டுக்குள் வருவார். ஆறு முப்பத்தொன்பதுக்கு வந்து நான் பார்த்ததில்லை. நோயாளியின் முகத்தை அவர் முதலில் பார்க்க மாட்டார். படுக்கையின் கால்மாட்டில் நின்று, துப்பட்டியைக் கீழிருந்து முழங்கால் வரை தூக்குவார். இரண்டு உள்ளங்கைகளையும் இரண்டு கெண்டைக்கால்களின் மேல் வைத்து எது சூடு என்று பார்ப்பார். முழங்காலை மடக்கச் சொல்லி, கெண்டைச் சதையை விரலால் சுண்டுவார். நல்ல கால் என்றால் சதை தொட்டில் மாதிரி ஆடும். உள்ளே ரத்தம் கட்டியிருந்தால் ஆடாது. அதன் பிறகுதான் "எப்படி இருக்கீங்க?" என்று முகத்தைப் பார்ப்பார்.

கடுங்காய்ச்சலில் நாள் கணக்கில் அசையாமல் படுத்தவனுக்குக் காலின் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும். அது பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போனால் ஐந்து நிமிடத்தில் ஆள் போய்விடுவான். போவதற்கு முன்னால் ஓர் அறிகுறி காட்டும் என்று தொக்தர் எங்களுக்குச் சொல்லியிருந்தார். காய்ச்சல் கோடு இறங்கும்போது நாடிக் கோடும் கூடவே இறங்க வேண்டும். காய்ச்சல் இறங்க, நாடி மட்டும் ஒவ்வொரு நாளும் ஒரு படி ஏறினால், கால் வீங்காவிட்டாலும் உள்ளே ரத்தம் கட்டுகிறது என்று பொருள். இதற்குப் பிரெஞ்சில் ஒரு பெயர் உண்டு. நாங்கள் 'படியேறும் நாடி' என்போம்.

அதனால் நாடி எண்ணுவதில் அவர் பிடிவாதம். எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு நிமிட மணல் கடிகாரம் கொடுத்திருந்தார். மணல் முழுதும் விழும்வரை மணிக்கட்டை விடக் கூடாது. (என்னுடையதைச் சோதித்துப் பார்த்திருக்கிறேன். அறுபத்தொரு விநாடி ஓடும்.) "பதினஞ்சு செகண்ட் எண்ணி நாலால பெருக்கறவன் மளிகைக் கடைக்கு வேலைக்குப் போகலாம், முசே," என்பார். எல்லோரையும் பிரெஞ்சு மரியாதையில் 'முசே', அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடுவார். கோபம் கூடக் கூட மரியாதையும் கூடும். அந்த மரியாதைக்கு நாங்கள் பயந்தோம்.

1957 ஜூனில் மதராஸ் பக்கமிருந்து ஃப்ளூ வந்தது. எங்கள் வார்டில் இருபத்திரண்டு படுக்கை. ஜூன் கடைசியில் நாற்பத்து மூன்று நோயாளிகள். படுக்கைக்கு நடுவில் பாய், பாய்க்கு நடுவில் கால் வைக்க இடம். பகல் வேலைக்கு நானும் பிலவேந்திரனும். நாற்பத்து மூன்று பேருக்கு நான்கு வேளை நாடி, சுரம், மூச்சு. நாலாக மடித்த காஸ் துணியை மூக்கில் கட்டிக்கொண்டு, இருமுகிறவன் முகத்துக்கு எதிரே ஒரு நிமிடம் குனிந்து நிற்க வேண்டும். எனக்குப் பயம். இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? என்னோடு பயிற்சி முடித்த ஒருவன் அந்த மாதம் ஆறே நாளில் செத்துப்போயிருந்தான். ஒரு முழு நிமிடம் என்பது நாற்பது இருமல். மணல் கடிகாரம் என் சட்டைப்பையிலேயே கிடந்தது. கைக்கடிகாரத்தில் பதினைந்து விநாடி பார்த்து நான்கால் பெருக்க ஆரம்பித்தேன். பிலவேந்திரனும் அப்படித்தான்.

குப்புராஜ் குருசுக்குப்பத்து மீனவர். முப்பத்து நான்கு வயது. ஜூன் 27, வியாழக்கிழமை வந்தார். உதடு நீலம், மூச்சு நிமிடத்துக்கு நாற்பத்தாறு. எட்டு நாள் பிழைப்பாரா என்று தெரியவில்லை. ஒன்பதாம் நாள், ஜூலை 5, காய்ச்சல் விட்டது. அவர் மனைவி மங்கா எட்டு நாளும் படுக்கைக்கு அடியிலேயே படுத்திருந்தவள். அட்டையை அவளிடம் காட்டி, நீலக் கோடு காய்ச்சல், சிவப்புக் கோடு நாடி, இரண்டும் இறங்கினால் வீட்டுக்குப் போகலாம் என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை இருபத்தொரு துடிப்பு, எண்பத்து நான்கு. சரியாக எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை இருபத்து மூன்று, அதாவது தொண்ணூற்றிரண்டு. சுரமே இல்லாத ஆளுக்கு நாடி எப்படி ஏறும்? இரண்டு துடிப்பு பிசகினால் பெருக்கும்போது எட்டு பிசகும். நான்தான் தப்பாக எண்ணியிருக்கிறேன் என்று முடிவு செய்தேன். தொண்ணூற்றிரண்டு என்று எழுதினால் தொக்தர் என்னையே மறுபடி எண்ணச் சொல்வார், குறைந்துவிட்டால் முதலில் எப்படி எண்ணினாய் என்று கேட்பார். எண்பத்திரண்டு என்று எழுதினேன். திங்கட்கிழமை இருபத்தைந்து. நூறு. ஏற்கெனவே இறக்கிவிட்ட கோட்டை ஒரே நாளில் எப்படி ஏற்றுவது? எண்பது என்று எழுதினேன். வாழ்நாளில் கடைக்காரனிடம் வாங்கிய மிளகாயைக்கூட எண்ணிப் பார்க்கிற நான் இதைச் செய்தேன்.

தொக்தர் ஞாயிறும் திங்களும் குப்புராஜின் காலைத் தொடவில்லை. நாற்பத்து மூன்று பேர். கோடு இறங்குகிறவர்களை விட்டுவிட்டு மற்றவர்களிடம் போனார். அட்டையை நம்பினார்.

திங்கட்கிழமை மதியம் மங்கா ஒரு கொட்டாங்கச்சியில் வெதுவெதுப்பான விளக்கெண்ணெய் வைத்துக்கொண்டு கணவன் காலை நீவிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பண்ற?"

"காலு கொடையுதுன்றாருய்யா. வல இழுக்கறப்போவும் இப்டித்தான் புடிச்சிக்கும். நல்லா அமுக்கி உட்டா போய்டும்."

குப்புராஜ் சிரித்தார். "அவ அமுக்கறது கால இல்லீங்க. சுறா மீன வெட்ற மாதிரி அமுக்கறா."

"நல்லாத் தேய்ச்சி உடும்மா. ஃப்ளூ வலிதான்," என்றேன் நான்.

செவ்வாய்க்கிழமை காலை, முதலில் எழுதியபடி, நூற்று நான்கை எழுபத்தெட்டாக்கினேன். ஆறு நாற்பதுக்கு வந்த தொக்தர் அட்டையைப் பார்த்து, "இவர உக்கார வைக்கலாம், நடக்க வைக்கலாம்," என்றார். ஒன்பது பதினைந்துக்கு நானும் மங்காவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குப்புராஜை நிற்க வைத்தோம். மூன்று அடி வைத்தார். நாலாவது அடியில் நின்று, யாரோ பின்னாலிருந்து கூப்பிட்ட மாதிரி திரும்பிப் பார்த்தார். நெஞ்சைப் பிடித்தார். "மூச்சு..." என்றார். அவருடைய எடை முழுதும் என் இடது தோளில் விழுந்தது. தரையில் கிடத்தி மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி நூல் மாதிரி ஓடியது, எண்ண முடியவில்லை. பிறகு எண்ண ஒன்றும் இல்லை.

மங்கா முதலில் அழவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

"செவப்புக் கோடு எறங்குது, இன்னும் ரெண்டு நாளுல ஊட்டுக்குப் பூடலாம்னு நீங்கதானய்யா சொன்னீங்க?"

தொக்தர் வந்து துப்பட்டியைத் தூக்கினார். இடது கெண்டைக்காலைச் சுண்டினார். ஆடவில்லை. அட்டையை எடுத்துச் சிவப்புக் கோட்டின் மேல் விரல் வைத்துக் கடைசிவரை கொண்டுபோனார். "யார் எண்ணுனது?" என்று கேட்டார்.

"நான்தாங்க."

"எழுபத்தெட்டா?"

"ஆமாங்க."

அவர் என்னைச் சந்தேகப்படவில்லை. அதுதான் பிறகு நடந்ததற்கெல்லாம் காரணம்.

வெள்ளிக்கிழமை, ஜூலை 12, எல்லா டாக்டர்களையும் நர்ஸ்களையும் கூட்டி வைத்துப் பேசினார். கையில் குப்புராஜின் அட்டை. "முப்பது வருஷமா நான் படியேறும் நாடிய நம்பினேன். இந்தக் காய்ச்சல்ல அது வேலைக்காகல. இந்த ஆளுக்கு நாடி எறங்கிக்கிட்டே இருந்துது, காலும் போச்சு, நுரையீரலும் போச்சு. இனிமே நாடிய வெச்சி யாரும் தைரியம் சொல்லாதீங்க, பயமும் காட்டாதீங்க." ஆட்கள் போதாததால், ஒரு நாளைக்கு நான்கு வேளை நாடி இனி இரண்டு வேளை போதும் என்றார்.

வெளியே வந்ததும் பிலவேந்திரன் என் முதுகில் தட்டினான்.

"கலியா, தப்பிச்சோம்டா! நாலு வேள ரெண்டாச்சு. அந்தக் குருசுக்குப்பத்துக்காரன் செத்தும் நமக்குப் புண்ணியம் பண்ணிட்டான்."

நான் எண்ணைக் குறைத்து எழுதியது அவனுக்குத் தெரியாது. ஒரு பொய் எண்ணை எழுதினேன், ஓர் ஆள் செத்தார் என்று மூன்று நாளாகப் பயந்துகொண்டிருந்தேன். அது அங்கே நிற்கவில்லை. அந்த எண் இப்போது பாடமாகிவிட்டது. நாற்பத்து மூன்று பேருக்கும் அதுதான் விதி. அன்று மாலையிலிருந்து மணல் கடிகாரத்தை எடுத்தேன். ஒவ்வொருவருக்கும் முழு நிமிடம். ஒவ்வொரு மணிக்கட்டிலும் ஏறும் எண்ணைத் தேடினேன், கிடைக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே.

கிடைத்தது. பக்கத்துப் பெண்கள் வார்டில் நர்ஸ் அம்மாள் ஒருவரும் காய்ச்சலில் விழ, அங்கேயும் நாடி பார்க்க என்னை அனுப்பினார்கள். நாலாம் எண் படுக்கையில் அஞ்சலை, மில் தொழிலாளி துரைசாமியின் மனைவி, இருபத்தொன்பது வயது, இரண்டு பிள்ளைகள். சுரம் விட்டுவிட்டது. ஜூலை 17, புதன்கிழமை, எண்பத்தெட்டு. வியாழன், தொண்ணூற்றாறு. வெள்ளிக்கிழமை காலை, மணல் முழுதும் விழும்வரை எண்ணி, நூற்றெட்டு. நம்பாமல் மறுபடி குடுவையைக் கவிழ்த்து எண்ணினேன். நூற்றெட்டு.

தொக்தர் வந்ததும் சொன்னேன். அவர் நிற்காமலே பதில் சொன்னார்.

"குப்புராஜுக்கு எழுபத்தெட்டு, முசே. போய்ட்டாரு. இவங்களுக்கு நூத்தியெட்டு. ஊட்டுக்குப் போற சந்தோஷம். பத்து மணிக்கு அனுப்புங்க, படுக்கை வேணும்."

ஏழு மணியிலிருந்து ஒன்பதரை வரை நான் என்ன செய்தேன் என்று நினைவில்லை. வேலை போகும் என்று நினைத்தேன். போலீஸ் வரும் என்று நினைத்தேன். மங்காவுக்குத் தெரிந்து அவள் ஆட்கள் வாசலில் வந்து நிற்பார்கள் என்று நினைத்தேன். ஒன்பதரைக்குத் துரைசாமி வந்தார். புதுச் சட்டை போட்டிருந்தார்.

"ஐயா, ரிக்‌ஷா வாசல்ல நிக்குது. இட்டுக்கினு போலாமா?"

அஞ்சலை படுக்கையின் விளிம்பில் உட்கார்ந்து காலைக் கீழே தொங்கப் போட்டிருந்தாள். செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். பெருவிரல் தரையைத் தொட இன்னும் அரை அடி இருக்கும்.

"கால மேல வை. நான் வர்ற வரைக்கும் எறங்கின, நான் பொல்லாதவனாய்டுவேன்," என்று கத்தினேன். நான் வார்டில் கத்தியது அந்த ஒரு தடவைதான். துரைசாமி பயந்துபோய் அவள் காலைத் தூக்கி மேலே வைத்தார்.

தொக்தரின் அறைக்கு எழுபத்திரண்டு அடி. எப்போதும் எண்ணுவேன், அன்றும் எண்ணினேன். அவர் எழுதிக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க முசே."

"குப்புராஜ் நாடி எழுபத்தெட்டு இல்லீங்க."

"பின்ன?"

"நூத்தி நாலு. திங்கக்கிழம நூறு. ஞாயித்துக்கிழம தொண்ணூத்திரண்டு. நான்தான் கொறச்சி எழுதினேன்."

அவர் பேனாவின் மூடியைத் திருகி மூடினார். மூன்று சுற்று.

"ஏன்?"

"தப்பா எண்ணிட்டேன்னு நெனச்சிட்டேங்க. பதினஞ்சு செகண்ட்தான் எண்ணுனேன்."

"திருப்பி எண்ணிப் பாக்க எவ்ளோ நேரம் ஆகும்?"

"ஒரு நிமிஷங்க."

"இல்ல, முசே கலியபெருமாள். பதினஞ்சு செகண்ட் ஏற்கெனவே எண்ணிட்டீங்க. இன்னும் நாப்பத்தஞ்சுதான்."

அதற்குமேல் அவர் திட்டவில்லை. எழுந்து நடந்தார், நான் பின்னால் ஓடினேன். அஞ்சலையின் துப்பட்டியைக் கீழிருந்து தூக்கினார். இடது கெண்டைக்காலைச் சுண்டினார், ஆடியது. வலது காலைச் சுண்டினார். சதை பலகை மாதிரி நின்றது.

"அம்மா, இன்னிக்கு ஊட்டுக்குப் போகல. அசையாதீங்க. யாரும் கால அமுக்கக் கூடாது, எண்ணெ போடக் கூடாது, தொடவே கூடாது."

துரைசாமி ஏதோ கேட்க வாயெடுத்தார். "ரிக்‌ஷாவ அனுப்பிடுங்க," என்றார் தொக்தர்.

ரத்தத்தை உறையவிடாமல் வைக்கும் ஹெப்பாரின் அப்போது மதராஸிலிருந்து வர வேண்டும். கையிருப்பு ஆறு குப்பி. அதை ஊசியில் ஏற்றும்போது ரத்தம் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். குறைந்தால் கட்டி வளரும், கூடினால் ஆள் ரத்தம் கக்குவாள். அந்த வேலையை எனக்குக் கொடுத்தார், வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. நரம்பில் ரத்தம் எடுத்து இரண்டு கண்ணாடிக் குழாய்களில் ஒவ்வொரு மில்லி விட வேண்டும். உடம்புச் சூட்டுக்கு வைத்த தண்ணீரில் நிறுத்தி, அரை நிமிடத்துக்கு ஒரு முறை மெல்லச் சாய்த்துப் பார்க்க வேண்டும். ரத்தம் ஓடுகிறதா? இன்னும் ஓடுகிறது. மறுபடி. குழாயைத் தலைகீழாகக் கவிழ்த்தும் ரத்தம் விழாமல் நின்றால் அதுதான் நேரம். சாதாரணமாக எட்டு நிமிடம். தொக்தருக்கு இருபது வேண்டும். முதல் நாள் எனக்குப் பதினொன்றுதான் வந்தது. மருந்தைக் கூட்டினார். இரண்டாம் நாள் காலை முப்பத்து நான்கு. குழாயைக் கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்க்கிறேன், சிவப்பாக ஓடிக்கொண்டே இருக்கிறது. அவளுடைய ஈறு, மூக்கு, மூத்திரம் எல்லாவற்றையும் பார்த்தேன். மருந்தைக் குறைத்தோம். அன்று மதியம் இருபத்தொன்று வந்தது.

ஒன்பது நாள், இருபத்தெட்டு தடவை. ஏழாம் நாள் அஞ்சலை பேச ஆரம்பித்தாள்.

"ஐயா, எங்கிட்ட இருந்த ரத்தத்தயெல்லாம் குழாயில ஊத்திட்டீங்க. மீதி எவ்ளோ இருக்குன்னு எழுதி வெச்சிருக்கீங்களா?"

எழுதித்தான் வைத்திருந்தேன். எடுத்தது மொத்தம் ஐம்பத்தாறு மில்லி. நாடி எட்டாம் நாள் தொண்ணூறு, பத்தாம் நாள் எண்பத்திரண்டு. ஆகஸ்ட் 3, சனிக்கிழமை, அவள் வாசல்வரை நடந்தாள். நூற்று முப்பது அடி. நான் பின்னாலேயே போனேன், விழுந்தால் பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டு. அவள் விழவில்லை.

அதற்கு அடுத்த வாரம் தொக்தர் எல்லோரையும் மறுபடி கூட்டினார். குப்புராஜின் அட்டையையும் சிவப்புப் பென்சிலையும் என்னிடம் கொடுத்தார். "சரியான கோட்ட வரைங்க, முசே." எல்லோர் முன்னாலும் வரைந்தேன். எண்பத்து நான்கு, தொண்ணூற்றிரண்டு, நூறு, நூற்று நான்கு. பொய்க் கோட்டை அழிக்க வேண்டாம் என்றார். இரண்டும் கத்தரி மாதிரி விரிந்து நின்றன. பிலவேந்திரன் தரையைப் பார்த்தபடி நின்றான். நாடி மறுபடி நான்கு வேளையானது.

என்னை வேலையிலிருந்து நீக்கவில்லை. தொக்தர் செய்தது வேறு. தினமும் காலை, ஏதாவது ஒரு படுக்கையில், நான் ஒரு மணிக்கட்டைப் பிடித்ததும் அவர் வந்து மறு மணிக்கட்டைப் பிடிப்பார். மணல் விழும். இருவரும் தனித்தனிச் சீட்டில் எழுதி மாற்றிக்கொள்வோம். எந்தப் படுக்கை என்று முன்னால் சொல்ல மாட்டார். ஐந்து வருடம். ஆறு நாற்பது என்றால் இன்றும் எனக்கு வாய் உலர்ந்துவிடும். 1962இல் அவர் பிரான்சுக்குப் புறப்பட்டார். கடைசி நாளும் வந்து மணிக்கட்டைப் பிடித்தார். என் சீட்டில் எழுபத்தாறு. அவர் சீட்டில் எழுபத்தைந்து. மறுபடி எண்ண மணல் கடிகாரத்தைக் கவிழ்த்தேன்.

"உங்களுது சரியா இருக்கும்," என்று தன் சீட்டைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மங்காவிடம் நான் சொல்லவில்லை. தொக்தர் சொன்னாரா என்றும் தெரியாது. மார்க்கெட்டில் கூடையோடு அவளை நான்கு தடவை பார்த்தேன். மூன்று தடவை வேறு வழியில் திரும்பிவிட்டேன். நான்காவது தடவை அவள் பார்த்துவிட்டாள். "ஐயா, வஞ்சிரம் இருக்கு, வாங்கிக்கினு போங்க. ஒடம்பு எளச்சிட்டீங்களே," என்றாள். வாங்கிக்கொண்டேன். வீட்டுக்குக் கொண்டுவந்தும் என்னால் அதைச் சாப்பிட முடியவில்லை.

1991இல் ஓய்வு பெற்றேன். அந்த ஜூலைக்குப் பிறகு ஒரு நாடியைக்கூட நான் பதினைந்து விநாடியில் எண்ணியதில்லை. ஒரு நாளைக்குச் சராசரி அறுபது நாடி, வருடத்துக்கு இருநூற்று எழுபது வேலைநாள், முப்பத்து நான்கு வருடம். ஒவ்வொன்றுக்கும் கூடுதலாக நாற்பத்தைந்து விநாடி. ஆஸ்பத்திரிப் படுக்கையில் இதை மூன்று தடவை போட்டுப் பார்த்தேன், மூன்று தடவையும் ஒரே விடைதான் வந்தது. குப்புராஜிடம் மிச்சம் பிடித்த அந்த நாற்பத்தைந்து விநாடிக்கு நான் கொடுத்தது ஆறாயிரத்து எண்ணூற்று எண்பத்தைந்து மணி நேரம். இரவும் பகலுமாகச் சேர்த்து அடுக்கினால், இருநூற்று எண்பத்தாறு நாள், இருபத்தொரு மணி.